ஏரிக்கரையில் ஓடும் தம்பிக்கு



இரவெல்லாம் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிப்டு பார்த்துவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றோடு பாரூர் ஏரிக்கரையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவதாகவும், நான்கு நாளாகியும் தீராத கால்வலிக்கு மாத்திரை விழுங்கிவிட்டு மறுபடி ஓடுவதாகவும் நீ எழுதியிருந்ததைப் படித்து, உன் வைராக்கியத்தை எண்ணிப் பெருமிதமும் உன் தேகத்தை எண்ணிக் கவலையும் ஒருங்கே அடைந்தேன்.

ஓட்டத்துக்குப்பின் வரும் வலியின் பின்னால் இருப்பது அழற்சி; ஆனால் அழற்சி என்றாலே வியாதி என்று அஞ்சாதே. அழல் என்பதன் வழிவந்த சொல் அது. அடுப்பு எரியாமல் களி வேகாது. கடும் ஓட்டத்தில் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் நேர, அவற்றைச் சீர்செய்ய வெள்ளணுக்கள் திரண்டு, இரண்டொரு நாள் வலியைத் தந்தபின் தசையை முன்னிலும் உறுதியாக்குகின்றன. நோயின் அடையாளமென்றே வைத்தியர்கள் கருதிவந்த இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை, உழைக்கும் தசையே இரத்தத்தில் சுரக்கிறதென்றும், அது கல்லீரலிலிருந்து சர்க்கரையை வரவழைப்பதோடு அழற்சியைத் தணிக்கும் பொருள்களையும் எழுப்புகிறதென்றும், கோபன்ஹேகனில் பென்ட்டே பெடர்சனும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டையொட்டி விளக்கியது எனக்கு இன்றும் ஆச்சரியமே.

ஆனால் தசையில் சேர்த்த சர்க்கரை வற்றியபின் ஓடுகிறவனுக்கு அதே இன்டர்லூக்கின்-6 அளவுமீறிப் பெருகுகிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீர் வந்து நிரம்பாவிட்டால் பாரூர் ஏரி எந்த வயலுக்குப் பாயும்? உழைப்புக்கேற்ற ஆகாரமில்லாத வீரரின் உடல் எலும்பிலும் ஹார்மோனிலும் நோயெதிர்ப்பிலும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இந்தக் குறைக்குத் தனிப்பெயரிட்டு எச்சரித்தது. 2017-இல் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டியின் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணனை நீ உதாரணம் காட்டுகிறாய்; அவர் ராணுவத்தார், இரவு ஷிப்டு முடித்து ஓடியவரல்லர்.

ஆகையால் இரவு வேலை பார்த்த காலையில் ஓடாதே, தூங்கு. ஓடிய ஒரு மணி நேரத்துக்குள் கேழ்வரகுக் களியோ சோறோ, பருப்பு முட்டையோடு வயிறார உண். கண்விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், நாடியை எண்ணு. வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வெடு. நீர் வற்றிய உடலில் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், அதை நிறுத்திவிடு. சிறுநீர் தேநீர் நிறத்தில் இறங்கினால் தாமதியாமல் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போ.

அடுத்த கடிதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாய் என்று எழுதவேண்டாம். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எழுது.