கூட்டுப் பணம் நிலைக்கும் வழி: ஏலச்சீட்டு முதல் கைப்பேசி நிதி வரை

மளிகைக் கடைக்காரருக்குப் பணம் வரும் நாள் ஒன்று. பணம் போகும் நாள் வேறொன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் சம்பளம் போட்ட பிறகுதான் நம் கடன் நோட்டுகளில் வரவு விழுகிறது. மொத்த வியாபாரி அதுவரை காத்திருப்பதில்லை. பொங்கல், தீபாவளி என்றால் ஒரு மாதத்திற்கு முன்பே சரக்கு நிரப்பியாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பச் சிலருக்கு வங்கி ஓவர்டிராப்ட் உண்டு. பலருக்குத் தண்டல், சீட்டு, கைமாற்று ஆகியவைதான் துணை.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியைக் காட்டி, "வங்கியும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், உறுப்பினர் பணம் உறுப்பினருக்கே" என்று ஒரு புதிய ஏற்பாட்டைச் சொல்கிறார்கள். மையமில்லா நிதி என்பது அதன் பெயர். பெயர்தான் புதிது. பத்துப் பேர் பணத்தைச் சேர்த்து, தேவைப்பட்டவருக்குக் கொடுத்து, கிடைத்ததைப் பகிர்ந்து கொள்ளும் வழக்கத்தை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். அவற்றில் சில நூறாண்டு நிலைத்தன. பல மூன்றே ஆண்டில் முறிந்தன. எது நிலைக்கும், எது முறியும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இந்தப் பாடம்.

தண்டலும் சீட்டும்

முதலில் தண்டல். ரூ. 10,000 தண்டலில் கையில் வருவது ரூ. 9,000 என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு ரூ. 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே போகிறது" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக் கொண்டிருப்பதால், அந்த 9,000 சராசரியாக ஐம்பது நாள்தான் நம்மிடம் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய்க்கு மேல் வட்டி. பருப்பிலும் சர்க்கரையிலும் நமக்கு நிற்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் ரூ. 5,000, இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம், அதாவது மாதம் ரூ. 5,000. முதல் மாதம் ஒருவர் ரூ. 25,000 தள்ளி எடுக்கிறார். அவருக்குக் கிடைப்பது ரூ. 75,000. தள்ளிய தொகையில் கமிஷன் போக மீதி ரூ. 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரிகிறது. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது ரூ. 4,000. இரண்டாம் மாதம் 24,000, மூன்றாம் மாதம் 23,000 எனத் தள்ளுத்தொகை படிப்படியாகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் ரூ. 5,000 மட்டும் கழிகிறது. சராசரித் தள்ளுத்தொகை மாதம் ரூ. 15,000 என்று கொள்வோம்.

அப்படியானால் ஒவ்வொருவரும் இருபது மாதத்தில் கட்டுவது ரூ. 90,000. முதல் சீட்டு எடுத்தவர் 75,000 வாங்கி 90,000 கட்டுகிறார். அவருக்கு மாதம் ஏறத்தாழ இரண்டு ரூபாய் வட்டி. கடைசிச் சீட்டுக்காரர் 90,000 கட்டி 95,000 வாங்குகிறார். அவருக்கு ஆண்டுக்கு ஏழு சதவீதம் அளவில் வருமானம். நடத்துபவருக்கு இருபது மாதத்தில் ஒரு லட்சம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசிச் சீட்டுக்காரர் பெறும் லாபம் எங்கிருந்து வந்தது? முன்னால் எடுத்தவர் தள்ளிய பணத்திலிருந்து வந்தது. அவர் எதை நம்பித் தள்ளினார்? அந்தப் பணத்தில் வாங்கிய சரக்கு விற்றுவரும் என்று நம்பித் தள்ளினார். ஆக, லாபத்தின் ஊற்று கடையில் நடந்த உண்மையான வியாபாரம். இந்த ஊற்று இருக்கும்வரை சீட்டு ஓடும். ஏழு சதவீதம் கிடைக்க வேண்டிய இடத்தில் முப்பது சதவீதம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பணத்தைத் தள்ளிக் கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

ஒருவர் ஓடிவிட்டால்?

மேலே சொன்ன அதே சீட்டில், மூன்றாம் மாதம் எடுத்தவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவர் கட்ட வேண்டிய மீதித் தவணைகள் பதினேழு. தொகை சுமார் ரூ. 78,000. சீட்டு நிற்காமல் நடக்க வேண்டுமானால் நடத்துபவர் இதைத் தம் கையிலிருந்து போட வேண்டும். அவருடைய மொத்தக் கமிஷன் ஒரு லட்சம்தான். ஐந்தாம் மாதம் எடுத்த இன்னொருவரும் ஓடினால் மேலும் ரூ. 69,500 அளவில் பள்ளம். இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை நெருங்குகின்றன.

அதாவது, ஈடு வாங்காமல் நடத்தும் இருபது பேர் சீட்டு ஒருவர் ஓடினால் தள்ளாடும். இருவர் ஓடினால் உடையும். கமிஷன் முழுவதையும் வருமானமாக எண்ணிச் செலவழித்துவிட்ட நடத்துநர் அன்றைக்கு என்ன செய்வார்? பழைய சீட்டின் பள்ளத்தை மூடப் புதிய சீட்டு ஒன்று தொடங்குவார். அதை மூட மற்றொன்று. நம் கடைத்தெருக்களில் முறிந்த சீட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் முறிந்தன. பலவற்றில் தொடக்கத்தில் மோசடி எண்ணம் இருந்ததில்லை. காப்புப் பணம் இல்லை, ஈடு இல்லை, அவ்வளவுதான்.

திரூர் காட்டிய வழி

நீடித்து நிற்கும் கூட்டு நிதிக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே திரூர் இருக்கிறது. 1904 மார்ச்சில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30 அன்று திரூர்ச் சங்கம் பதிவானது. நாட்டின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுள் முன்னிற்பது அது. அதே ஆண்டு அக்டோபரில் பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நம் மளிகைத் தொழிலிலேயே பெயர் பெற்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் 1904இல் தோன்றியதுதான்.

இதற்கு அடித்தளம் போட்டவர் சென்னை மாகாண அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன். உழவர்களை வட்டிக்கடையிலிருந்து மீட்க வழி காணுமாறு அரசு அவரைப் பணித்தது. ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து 1895லும் 1897லும் அவர் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் நடத்திய ஊர்க் கடன் சங்க முறையே நமக்கு ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு.

அந்த முறையின் உயிர் நான்கு விதிகளில் இருந்தது. ஒரே ஊரார், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. ஆகவே எல்லாரும் கண்காணிப்பார்கள். லாபத்தைப் பங்கு போடாமல் காப்பு நிதியில் சேர்க்க வேண்டும். கணக்கை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். 1904ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ஏற்றுக் கொண்டது. கிராமச் சங்கம் தன் லாபத்தைக் காப்பு நிதிக்கே கொண்டு போக வேண்டும், நகரச் சங்கம் கால் பங்கையாவது ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. மேலே நாம் பார்த்த பள்ளத்தை மூடுவதற்கான பணம் இதுதான்.

பெரியதும் பழையதும் காப்பாகுமா?

சென்னையில் அர்பத்நாட் என்ற மாபெரும் கம்பெனி 1906 அக்டோபரில் நொடித்தது. பெரிய வீடு, வெள்ளைக்காரர் கம்பெனி என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். அந்த அடியில் பாடம் கற்ற நம்மவர்கள் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர்.

மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு 1872இல் தொடங்கியது. உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுக்கும் நிதி முறைக்குப் பல காலம் அது எடுத்துக்காட்டாக இருந்தது. 2024இல் வைப்புத் தொகை திரும்பவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்டு மாதம் அதன் நிர்வாகத் தலைவரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கைது செய்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவு. நூற்றைம்பது ஆண்டு நற்பெயர் இன்றைய கணக்குக்கு ஈடாகாது. ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினர் கணக்கைக் கேட்க வேண்டும்.

கைப்பேசிக்குள் ஒரு சீட்டு

இனிப் பிள்ளைகள் சொல்லும் புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். இதில் சீட்டு நடத்துநரின் வேலையைக் கணினி நிரல் செய்கிறது. விதி எல்லாருக்கும் தெரியும். கணக்கு எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கும். இது நல்ல அம்சமே. ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே ஆள் ஜாமீனுக்கு இடமில்லை. ஈடு ஒன்றே வழி.

மேக்கர் என்ற அமைப்பு 2017 டிசம்பரில் டை என்ற நாணயத்தை வெளியிட்டது. 100 ரூபாய்க் கடனுக்கு 150 ரூபாய் மதிப்புள்ள ஈடு வேண்டும் என்பது அதன் பொது விதி. 2020 மார்ச்சில் விலைகள் சரிந்தபோது அந்த ஈடும் போதாமல் பள்ளம் விழுந்தது. அவர்கள் தங்கள் உரிமைப் பங்குகளைப் புதிதாக விற்று அதை நிரப்பினார்கள். நடத்துபவர் தம் கையிலிருந்து போட்டார் என்பதே இதன் பொருள். அமைப்பு பிழைத்தது.

டெர்ரா என்ற மற்றொன்றில் ஆங்கர் என்ற திட்டம் இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் வட்டி தந்தார்கள். கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. நடத்தியவர்களே பணம் போட்டு வட்டி கொடுத்து வந்தார்கள். அந்த வட்டியைப் பார்த்து மேலும் மேலும் கூட்டம் சேர்ந்தது. 2022 மே மாதம் ஒரே வாரத்தில் எல்லாம் சரிந்தது. சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. அதே ஆண்டு அதே மாதத்தில்தான் நம் சென்னையில் ஆருத்ரா நிறுவனத்தின் மீதும் போலீஸ் நடவடிக்கை தொடங்கியது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகப் போலீஸ் தரப்பு கூறியது. ஒன்று கணினியில் நடந்தது, மற்றொன்று அலுவலகம் வைத்து நடந்தது. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வட்டியை யார் கட்டுகிறார்?

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது? புதிதாகச் சேருவோர் பணத்திலிருந்து என்றால் விலகி விடுங்கள்.

2. முன்னால் எடுப்பவர் என்ன ஈடு, யார் ஜாமீன் கொடுக்கிறார்?

3. ஒருவர் கட்டாமல் போனால் பணம் போடுபவர் யார்? அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?

4. கணக்கை நான் எப்போது கேட்டாலும் காட்டுவார்களா?

5. சட்டப்படி பதிவானதா? 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்குமுன் அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகை அளவுக்கு நடத்துபவர் ஈட்டு வைப்பு வைக்க வேண்டும். ஏலத்தின்போது குறைந்தது இரு உறுப்பினராவது உடனிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கமிஷன் உச்ச வரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. தனி நபர் நடத்தும் சீட்டுகளின் மொத்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்ந்தது.

பதிவான சீட்டில் வழக்கு வந்தால் பதிவாளரிடம் போகலாம். பதிவில்லாச் சீட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

தீபாவளி பண்டு பிடிப்போர் கவனத்திற்கு

நம்மில் பலர் வாடிக்கையாளரிடம் மாதாமாதம் பணம் வாங்கித் தீபாவளிக்கு மளிகையும் இனிப்பும் தருகிறோம். நூறு வீடு, மாதம் ரூ. 500, பன்னிரண்டு மாதம் என்றால் ஆறு லட்ச ரூபாய். அது கல்லாவில் இருந்தாலும் நம் பணம் அன்று. அதை எடுத்துக் கொள்முதல் செய்து, சரக்கு தேங்கிவிட்டால், தீபாவளி அன்று நூறு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும், நாடு முழுவதற்குமான 2019ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பணமாகத் திருப்பித் தராமல் பொருளாகத் தருகிறோம் என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கலந்து கொள்ளாமல் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நடத்துவோர் அந்தப் பணத்திற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கடைக் கணக்கோடு கலக்காமல் காப்பாற்றுங்கள்.

நாற்பது ஆண்டு கடை நடத்தி ஈட்டிய பெயரை ஒரு முறிந்த சீட்டு ஒரே நாளில் எடுத்துக் கொண்டு போய்விடும். இன்று இரவு கடை அடைத்த பிறகு, நீங்கள் சேர்ந்திருக்கும் சீட்டு ஒவ்வொன்றுக்கும் மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிப் பதில் நிரப்பிப் பாருங்கள். பதில் எழுத முடியாத இடம் எதுவோ, அங்கேதான் உங்கள் பணத்திற்கு ஆபத்து. அடுத்த தவணை கட்டுமுன் அந்தக் கேள்வியை நடத்துபவரிடம் நேரில் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர் கோபிக்க மாட்டார். பேரேட்டை எடுத்து வைப்பார்.