ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே ஒரு முனகல்

ராத்திரி பத்தரை மணி. தெருவில் வண்டிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஃபேனை ஒன்றில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து பாட்டுப் போடக் கை நீட்டும்போது பெட்டிக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பகல் இரைச்சலில் அது கேட்டிருக்காது. ஒருமுறை கேட்டுவிட்டால் காது அதை விடாது. சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் நிற்கும். நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு 50 சுற்று; முனகல் அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் அங்கே இதே முனகல் 120-ல், ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே பாடும்.

‘ஹம்’ எனப்படும் இந்த முனகலுக்கு ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நம்பி நானும் காசை விட்டவன்தான்.

நம்பிக்கை: ஹம் என்றால் எல்லாம் ஒரே ஹம்தான்.

இந்த ஒன்றில் தவறினால் மீதி வைத்தியம் எல்லாம் வீண். ஸ்பீக்கர் வழியாக வரும் ஹம் வேறு, டிரான்ஸ்ஃபார்மரின் உடம்பிலிருந்தே வரும் ஹம் வேறு. ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். முனகல் அப்படியே இருந்தால் அது இரும்பு அதிர்கிற சத்தம். நின்றுவிட்டால் அது மின்வழிக் கோளாறு: ஃபில்டர் கண்டென்சர் வற்றியிருக்கலாம், எர்த் லூப் இருக்கலாம், உள்ளே ஒயர் போன பாதை சரியில்லாமல் இருக்கலாம். ஷீல்டு ஒயர் போடு, கண்டென்சரை மாற்று என்று கடையில் சொல்லும் யோசனைகளில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகைக்கானவை. முதல் வகைக்கு அவற்றால் நயா பைசா பலன் கிடையாது.

நம்பிக்கை: எர்த் பின்னைக் கழற்றினால் போய்விடும்.

எர்த் லூப்பால் ஸ்பீக்கரில் வரும் ஹம் சில சமயம் இப்படிப் போவது உண்மை. அதனால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. ஆனால் இரும்பின் அதிர்வுக்கும் எர்த்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எர்த் இல்லாத உலோகப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மருக்கு மெயின்ஸைக் கொண்டுவரும் பிரைமரி ஒயரின் உறை ஒரு இடத்தில் கிழிந்தால், 230 வோல்ட் வால்யூம் குமிழைச் சுற்றியுள்ள தகட்டில் வந்து நிற்கும். மூன்று பின்னில் ஒன்றை முறித்து வைத்திருக்கும் பிளக் எதையாவது கண்டால், அதை முதலில் மாற்றிவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

நம்பிக்கை: உள்ளே ஏதோ லூஸாக இருக்கிறது, போல்ட்டை முறுக்கு.

பாதி சரி. எல்லாமே இறுக்கமாக இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். காந்தமாக்கினால் இரும்பின் நீளம் மாறும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842-லேயே கண்டுவிட்டார். வெப்பத்துக்கும் வேலைக்கும் கணக்குப் போட்டவரென்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஜூல்தான். மாற்றம் பத்து லட்சத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். காந்தம் இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் நீளம் ஒரே விதமாகத்தான் மாறும். ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அசைவு, 50-க்கு 100.

சத்தத்தின் தன்மையைக் கவனித்தால் துப்புக் கிடைக்கும். வழவழவென்ற ‘ம்ம்ம்’ இரும்பின் இயல்பு. ‘ஜ்ர்ர்ர்’ என்று பல்லைக் கடிப்பது போல வந்தால் ஏதோ ஒரு தகடு தனியாக ஆடுகிறது. பழைய ஈ-ஐ ஸ்டாம்பிங் அடுக்கிய டிரான்ஸ்ஃபார்மர்களில் இது சகஜம். நாலு மூலை போல்ட்டையும் சமமாக இறுக்கிப் பார்க்கலாம். பாபினுக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் சந்து இருந்தால் சீவிய மூங்கில் சில்லைச் செருகலாம். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் செய்துவந்த வேலை இது. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை நமக்குத் தெரியும். இங்கே ஆப்பை வைப்பதுதான் புத்திசாலித்தனம். வார்னிஷில் முக்கி எடுப்பதும் உதவும், ஆனால் மேலே பூசியது மேலேயே நின்றுவிடும். வேக்கம் வைத்துக் காற்றை உறிஞ்சி, வார்னிஷை இண்டு இடுக்கெல்லாம் இறக்கி, அடுப்பில் காயவைத்தால்தான் முழுப் பலன்.

வட்டமான டொராய்டலுக்கு இந்த முறுக்கல் வைத்தியம் ஆகாது. நடு போல்ட்டை வெறியோடு முறுக்கினால் ரப்பர் வாஷர் நசுங்கிச் சுற்றுக் கம்பியின் காப்பும் நசுங்கும். இன்னொன்று: அந்த போல்ட்டின் மேல்முனை பெட்டியின் மூடியைத் தொடவே கூடாது. அடித்தகடு, போல்ட், மூடி மூன்றும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரின் ஓட்டை வழியாக ஒரு முழுச் சுற்று ஆகிவிடும். ஒற்றைச் சுற்று, வோல்ட் குறைவு. ஆனால் ஆம்பியர் பயங்கரமாகப் பாயும். ஃபியூஸ் போனால் பிழைத்தீர்கள்.

சில நேரம் டிரான்ஸ்ஃபார்மர் மெதுவாகத்தான் முனகும், பெட்டிதான் அதைக் கத்த வைக்கும். வீணையின் குடம் தந்திக்குச் செய்வதை மெல்லிய தகரப் பெட்டி இதற்குச் செய்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களில் தேங்கிய சார்ஜ் இறங்கிய பிறகு டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, கெட்டியான ஸ்பஞ்ச் மேல் வைத்து, பிறகு ஆன் செய்து தொடாமல் கேட்டுப் பாருங்கள். சத்தம் பாதியாகக் குறைந்தால் உங்களுக்கு வேண்டியது கீழே ஒரு நல்ல ரப்பர் படுகை.

நம்பிக்கை: டொராய்டல் முனகாது, முனகினால் இன்னும் பெரிதாகப் போடு.

மாம்பலத்தில் ஒரு நண்பர் வீடு. 300 வி.ஏ. டொராய்டல் முனகுகிறதென்று 500-க்கு மாற்றினார். சத்தம் கூடிவிட்டது. அதிலும் காலையில்தான் அதிகம் என்றார். ஏழரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். காபி பாதி குடிக்கும்வரை பெட்டி சாதுவாக இருந்தது. திடீரென்று ‘உர்ர்ர்’ என்று ஒரு உறுமல், டம்ளர் வைத்த ஸ்டூல்வரை அதிர்வு வந்தது. அதே நேரம் உள் அறையிலிருந்து வேறொரு இரைச்சல். நண்பரின் மகள் ஆபீசுக்குக் கிளம்பத் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாடி, அதைக் கொஞ்சம் ஹைல வை.”

வைத்தாள். உறுமல் நின்றது.

“இப்ப லோ.”

மறுபடி உறுமல்.

“அங்கிள், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இதுதான். பல ஹேர் டிரையர்களில் ‘லோ’ என்பது ஒரு டயோடு. அது கரண்டின் ஒரு பாதி அலையை மட்டும் விட்டு மறு பாதியைத் தடுத்துவிடும். ஆயிரம் வாட் டிரையர் இப்படி ஓடினால் வீட்டு ஒயரில் சராசரியாக 2 ஆம்பியர் ஒரே திசையில் போகிறது. ஒயரின் தடை அரை ஓம் என்றால், வீட்டுக்கு வரும் ஏசியின் மேல் ஒரு வோல்ட் டிசி ஏறிக்கொள்ளும். 230-ல் ஒரு வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 500 வி.ஏ. டொராய்டலின் பிரைமரித் தடை சுமார் 2 ஓம்தான். ஆக, அரை ஆம்பியர் டிசி அதற்குள் பாய்கிறது. அந்த இரும்பைக் காந்தமாக்க வழக்கமாக ஆவதோ சில பத்து மில்லியாம்பியர். இரும்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை முட்டி நிற்கிறது. அந்த முட்டல்தான் உறுமல்.

ஈ-ஐ அடுக்கில் தகடுகள் சேரும் இடமெல்லாம் நுணுக்கமான காற்று இடைவெளி உண்டு. அது இந்த டிசியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். டொராய்டலின் பெருமையே இடைவெளி இல்லாத ஒரே சுருள் என்பதுதான். அந்தப் பெருமைதான் இங்கே அதற்கு வினை. அளவு பெரிதாக ஆகப் பிரைமரித் தடை குறையும், டிசி இன்னும் தாராளமாகப் பாயும். நண்பர் காசு கொடுத்துச் சத்தத்தை வாங்கிய கதை இதுதான். டிரையர் உங்கள் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஒரே ஃபேஸில் உள்ள கீழ் வீட்டில் இருந்தாலும், ஒழுங்கில்லாத டிம்மர் ஒன்று எங்கோ ஓடினாலும் போதும்.

இதற்கு டிசி பிளாக்கர் என்று ஒன்று போடுவார்கள். இரண்டு பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை எதிரெதிராகச் சேர்த்துப் பிரைமரியோடு தொடராக வைத்து, அவற்றின் மேல் வோல்டேஜ் ஏறாமலிருக்க டயோடுகளைக் குறுக்கே போடுவது. ஏசி கண்டென்சர் வழியே போய்விடும், டிசி நின்றுவிடும். பாகங்கள் மலிவு, ஆனால் மெயின்ஸ் நேரடியாக ஓடும் இடம். ஃபியூஸுக்குப் பின்னால், மூடிய பெட்டிக்குள், பழகிய கையால்தான் செய்ய வேண்டும். நண்பர் வீட்டில் அதைப் போட்டோம். மகள் லோவிலேயே தலை காயவைக்கிறாள்.

நம்பிக்கை: ஸ்டெபிலைசரோ இன்வெர்ட்டரோ போட்டால் சரியாகிவிடும்.

ராத்திரியில் லோடு குறைந்து வோல்டேஜ் 240-ஐத் தாண்டும் இடங்களில், 220-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் சத்தம் போடும். ஸ்டெபிலைசர் அதைக் குறைக்கும். மற்றபடி அதற்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதுவும் சேர்ந்து முனகும். இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போனதும் ஃபேன் ‘ஙொய்’யென்று கத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். சதுர அலையில் 150, 250, 350 என்று மேல்சுரங்கள் கலந்திருக்கும், அதே 230 வோல்ட்டுக்கு இரும்பில் காந்தமும் சுமார் 11 சதவீதம் கூடும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

நம்பிக்கை: அமெரிக்கா பெட்டிக்கு ஸ்டெப் டவுன் போதும்.

ஸ்டெப் டவுன் வோல்டேஜை இறக்கும், 50-ஐ 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று கணக்குப் போட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் இங்கே காந்தம் 20 சதவீதம் அதிகம். முனகும், சூடாகும். மாமா கொண்டுவந்த பெட்டியைப் பிளக்கில் செருகும் முன் பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பான் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்கும். அந்த நாட்டிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60. ஆனால் அவற்றுக்கு வேண்டியது 100 வோல்ட். கடையில் கிடைக்கும் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் அதற்குக் கொஞ்சம் அதிகம்.

நம்பிக்கை: முனகினால் எரியப் போகிறது.

முனகலை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சீரிஸ் லேம்ப் உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். செகண்டரியைக் கழற்றிவிட்டு, பிரைமரியை 100 வாட் குண்டு பல்பு வழியாக ஆன் செய்வார். பல்பு பளிச்சென்று ஒரு மின்னல் காட்டி அணைந்தாலோ மங்கினாலோ டிரான்ஸ்ஃபார்மர் நலம். விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே சுற்று ஷார்ட். லோடே இல்லாமல் கை வைக்க முடியாத சூடு, வார்னிஷ் கருகும் வாசனை இவைதான் பயப்பட வேண்டிய அடையாளங்கள்.

விலை உயர்ந்த பவர் கார்டு? இரும்பு அதிர்வதை அந்த ஒயர் எப்படித் தடுக்கும் என்று விற்பவரையே கேளுங்கள்.

புதிதாகச் சுற்றக் கொடுப்பதாக இருந்தால், முனகலைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான். விலைக்குப் பார்த்துச் செய்யும் டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பை அதன் எல்லைக்குப் பக்கத்தில், 1.5, 1.6 டெஸ்லாவில் ஓடவிடுவார்கள். 1.2-ல் ஓடும்படி சுற்று எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள். டெஸ்லா கணக்குப் பேசாதவர் என்றால், “பிரைமரியை 300 வோல்ட்டுக்குச் சுத்துங்க, செகண்டரி கணக்கை மட்டும் 230-ல போடுங்க” என்றால் அவருக்குப் புரிந்துவிடும். சி.ஆர்.ஜி.ஓ. தகடு, வேக்கம் வார்னிஷ் என்பதையும் பில்லில் எழுத வையுங்கள். “சார், சைஸ் பெருசாகும், வெலையும் ஏறும்” என்பார். ஏறட்டும் என்று சொல்லிவிட்டு, பெட்டியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.