கடலைத் தோலை ஊதித் தள்ளாதீர்கள்

வேர்க்கடலையை வறுத்ததும் கையால் தேய்த்து, முறத்தில் புடைத்து, சிவப்புத் தோலை ஊதித் தள்ளிவிடுவதுதான் வழக்கம். பருப்பின் எடையில் அந்தத் தோல் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஆனால் நார்ச்சத்தும், பாலிஃபீனால் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களும் அதில் செறிந்திருக்கின்றன. நாக்கில் தட்டுப்படும் துவர்ப்புக்கும் அவையே காரணம். துவர்ப்பை அடக்கும் பக்குவம் தெரிந்தால் தோலோடு ருசியாகவே சாப்பிடலாம்.

1. பொறுக்குதல்
கடலையைத் தட்டில் பரப்பிச் சொத்தை, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பூத்தது எல்லாவற்றையும் எடுத்து எறியுங்கள். கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நச்சு இவற்றில் இருக்கலாம்; வறுத்தாலும் அது முழுதாக அழியாது.

2. வறுத்தல்
அடிகனமான வாணலியில், மிதமான தீயில், கைவிடாமல் வறுங்கள். படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டு, தோல் ஆங்காங்கே பிளந்து, உள்ளே பருப்பு இளம்பொன்னிறமாகத் தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். தோல் கருகினால் கசப்பேறும்.

3. பொடித்தல்
தோலோடு வறுத்த கடலை ஒரு கப், வறுத்த வரமிளகாய் 6, வதக்கிய பூண்டு 5 பல், சுண்டைக்காய் அளவு புளி, தேவையான உப்பு. புளியும் காரமும் துவர்ப்பை அமுக்கிவிடும். எல்லாம் நன்றாக ஆறியபின் மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம்.

4. உரித்த தோல் மிஞ்சினால்
கடலை உருண்டைக்கு உரித்த தோலைச் சலித்துத் தூசி நீக்கிப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு கப் இட்லிப் பொடிக்கு ஒரு தேக்கரண்டி போதும். அடை மாவிலும் கலக்கலாம். சிக்கு வாடை வந்துவிட்டால் சாப்பிட வேண்டாம். காய்கறிக் கழிவோடு சேர்த்து உரத்தொட்டியில் போடுங்கள், மட்கிவிடும்.

5. யாருக்கு ஆகாது?
கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தோலையும் தொடக்கூடாது. தோலிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வேளையில் இந்தப் பொடியைத் தவிருங்கள்.

ஊறவைத்த பாதாமையும் உரிக்காமலே சாப்பிடலாம். முந்திரிக் கொட்டையின் ஓடு மட்டும் வேறு கதை: அதன் எண்ணெய் பட்டால் கை புண்ணாகிவிடும், சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.