பழைய கீசரும் வாடகைதாரரின் முன்பணமும்

கேள்வி: என் வீட்டை எழுத்து ஒப்பந்தப்படி மாதம் 15,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். 8 ஆண்டுகளுக்கு முன் நான் பொருத்திய கீசரின் தொட்டி துருப்பிடித்து ஒழுகுகிறது. புதிது வாங்க 9,600 ரூபாய் ஆகுமாம். அதை வாடகைதாரரின் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாமா? ஏ.சி.யும் பழசாகிவிட்டது.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பிடித்துக்கொள்வது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தன் அட்டவணையில் சுவர், குழாய், மின்கம்பி போன்ற பெரிய வேலைகளை உரிமையாளர்மீதும், கீசர் பழுது, சுவிட்சு முதலியவற்றை வாடகைதாரர்மீதும் சுமத்தி, அவர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் அச்செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ள உரிமையாளருக்கு அதிகாரமும் தருகிறது. மின்சாதனங்களை மாற்றுவதும் அவர் பட்டியலிலேயே இருப்பதால், சட்டம் தங்கள் பக்கம் என்று தோன்றுவது சகஜமே. ஆயினும் அதே சட்டப்பிரிவு சாதாரணத் தேய்மானத்தை விலக்கியே பொறுப்பைப் பகிர்ந்திருப்பதால், வாடகைதாரரின் அஜாக்கிரதை ஏதுமின்றி, 8 ஆண்டு உபயோகத்தில் ஜீரணித்துப்போன தொட்டியின் கிரயத்தை அவர் தலையில் கட்டுவது வழக்கில் நிலைப்பது கடினம். எலிமெண்டு எரிந்துபோனால் அது பழுது. தொட்டியே அரித்துப்போனால் அது ஆயுளின் முடிவு.

அந்த முடிவுக்கு உரிய பணம் வாடகையிலேயே அடங்கியிருக்கிறது என்பதைத்தான் தாங்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். 9,600 ரூபாய்க் கீசர் 8 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,200. 36,000 ரூபாய் ஏ.சி. 10 ஆண்டு உழைக்குமென்று கொண்டால் ஆண்டுக்கு 3,600. ஆக மாதம் 400 ரூபாய், வாடகையில் 100-க்கு 3 ரூபாய்கூட இல்லை. வருமான வரிச் சட்டமோ, வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் 100-க்கு 30 பங்கை, தாங்கள் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. கீசருக்கென்று தனிக்கழிவு கேட்க வழியில்லை. ஆகவே அந்த 400 ரூபாயை மாதந்தோறும் தனிக் கணக்கில் சேர்த்துவருவதே விவேகம்.

அடுத்த ஒப்பந்தத்தில், சாதனங்களின் பெயர், வாங்கிய ஆண்டு, ஒப்படைத்த நிலை ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். இப்போதைய கீசரைத் தங்கள் செலவிலேயே மாற்றிக்கொடுங்கள்; முன்பணம் வாடகைதாரரின் சொத்து, தங்களிடம் இருப்பது அடைக்கலமாகவே.