நோய்க் காப்புறுதி: கையெழுத்து வைக்கும் முன்

சம்பளம் போட்ட மறுநாளே லயத்துப் பக்கம் காப்புறுதி முகவர்கள் வந்துபோவது எமது தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. "மாசம் கொஞ்சம் கட்டுங்க அக்கா, ஆஸ்பத்திரி செலவ கொம்பனி பாத்துக்கும்" என்கிறார்கள். சிலர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் "இதெல்லாம் ஏமாத்து வேல" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே விளங்கிக்கொண்டு எடுத்த முடிவு அல்ல. காப்புறுதியில் நன்மை உண்டு. ஆனால் எல்லாக் காப்புறுதியும் எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. எமது குடும்பத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் முறையை இந்தப் பாடத்தில் படிப்போம்.

காப்புறுதி என்றால் என்ன?

தோட்டத்து மரண சகாய சங்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். மாதா மாதம் எல்லோரும் சிறு தொகை கொடுக்கிறோம். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் சேர்ந்த பணத்தில் அந்த வீட்டுக்கு உதவி போகிறது. இழவு விழாத வீட்டுக்காரர் "நான் கட்டுன காசு எங்கே?" என்று கேட்பதில்லை. காப்புறுதியும் இதே முறைதான். நாம் கட்டும் பணத்துக்குக் கட்டுப்பணம் என்று பெயர். என்ன நடந்தால், எவ்வளவு தருவோம் என்று கொம்பனி எழுதித் தருவது காப்புறுதிப் பத்திரம்.

சீட்டுப் பிடிப்பது வேறு, காப்புறுதி வேறு. சீட்டில் போட்ட பணம் என்றாவது ஒருநாள் கைக்கு வரும். நோய்க் காப்புறுதியில் அந்த வருடம் நோய் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. "கட்டுனதெல்லாம் திரும்பக் கிடைக்கும்" என்று முகவர் சொன்னால், அது ஆயுள் காப்புறுதியும் சேமிப்பும் கலந்த திட்டமாக இருக்கும். அதில் நோய்க்கு என்று போகும் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பதை எண்ணுவோம்

புதிதாக ஒன்றை வாங்கும் முன், ஏற்கனவே எமக்கு உள்ள பாதுகாப்புகளைக் கணக்கில் எடுப்போம்.

முதலாவது, அரசாங்க வைத்தியசாலை. வாட்டில் தங்குவதற்கும், டாக்டர் பார்ப்பதற்கும், சத்திரசிகிச்சைக்கும் அங்கே கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈ.ரி.எஃப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி எமது சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தோட்ட நிர்வாகம் தன் பணத்திலிருந்து இதற்குக் கட்டுகிறது. எமது சம்பளத்தில் இதற்காக ஒரு சதமும் வெட்டப்படுவதில்லை. வேலையை விடும்போது எடுக்கும் பணம் என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். ஆனால் வேலையில் இருக்கும் அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை, கண்ணில் வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு இந்த நிதியத்திலிருந்து உதவி உண்டு. மரணத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும் காப்புறுதி உண்டு. தொகையும் நிபந்தனையும் காலத்துக்குக் காலம் மாறும். ஆகையால் தேவை வந்தவுடனே அங்கத்துவ இலக்கத்தோடு தோட்டக் காரியாலயத்தில் விசாரியுங்கள்.

மூன்றாவது, வேலையில் நேரும் விபத்து. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி, வேலை காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியது வேலை கொள்வோர். மலையில் சறுக்கி விழுந்தாலும், கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டினாலும், அன்றைக்கே கங்காணியிடம் சொல்லித் தோட்டத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கஷ்டம்.

நான்காவது, பிரசவம். மகப்பேற்று நன்மைச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் சம்பளத்தோடு கூடிய லீவு உரிமை.

ஐந்தாவது, பிள்ளைகள் வழியாக வருபவை. பாடசாலைப் பிள்ளைகளுக்காக 2017இல் சுரக்ஷா காப்புறுதி ஆரம்பிக்கப்பட்டது. அது இடையில் நின்று, 2024இல் மறுபடி தொடங்கப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு உண்டா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மகனோ மகளோ ஆசிரியராகவோ வேறு அரசாங்க உத்தியோகத்திலோ இருந்தால், அவர்களுடைய அக்ரஹார காப்புறுதியில் உங்களைச் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கைகாசுக்கும் வெளியிடங்களில் நாட்கூலிக்கும் போகும் பலருக்கு ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். கட்டப்படுவதில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் குறைவு. அவர்கள் இந்தப் பாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

உண்மையில் எம்மை விழுத்தும் செலவு எது?

ஆஸ்பத்திரி இலவசம் என்றால் நோய் வந்ததும் ஏன் கடன் வாங்குகிறோம்? சென்ற முறை உங்கள் வீட்டில் ஒருவர் வாட்டில் இருந்தபோது என்னென்ன செலவு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியின் நாட்சம்பளம் போனது. துணைக்கு நின்றவரின் சம்பளமும் போனது. கண்டிக்கு மாற்றி அனுப்பினால் பஸ், சாப்பாடு, அவசரமானால் வாடகை வேன். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வெளியில் செய்யச் சொன்னால் அதற்குப் பணம். 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது வெளிக் கடையில் மருந்து வாங்கிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

ஆகவே எம்மைக் கடனாளியாக்குவது டாக்டர் பில் அல்ல. வேலைக்குப் போகாத நாட்களும் வெளிச் செலவுகளும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டங்களைப் பார்ப்போம்.

இரண்டு வகைத் திட்டங்கள்

ஒன்று, பில்லுக்குப் பணம் தரும் திட்டம். தனியார் வைத்தியசாலையில் சேர்ந்து, பில்லைக் காட்டினால், ஓர் எல்லை வரை கொம்பனி தரும். அரசாங்க வாட்டில் பில் கிடையாது. பில் இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தில் பணமும் இல்லை.

மற்றது, இரவுக்கு இவ்வளவு என்று தரும் திட்டம். எந்த வாட்டில் தங்கினாலும், தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை. அந்தப் பணத்தைச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுச் சாமானுக்கும் செலவு செய்யலாம். அரசாங்க வைத்தியசாலைக்கே போகும் எமது குடும்பங்களுக்கு அநேகமாக இதுதான் பொருந்தும். இரண்டையும் சேர்த்துத் தரும் திட்டங்களும் உண்டு. ஆகவே முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டுல இருந்தா எவ்வளவு தருவீங்க? பத்திரத்துல அது எந்த இடத்துல எழுதியிருக்கு?"

ஒரு கணக்குப் போடுவோம்

இது விளங்குவதற்காக நாம் போட்ட கணக்கு. எந்தக் கொம்பனியின் திட்டமும் அல்ல. மாதம் 1,500 ரூபா கட்டுகிறோம். வருடத்துக்கு 18,000 ரூபா. திட்டத்தில் இரவுக்கு 2,000 ரூபா. முதல் இரவுக்குக் கிடையாது. ஆறு இரவு வாட்டில் இருந்தால் ஐந்து இரவுக்கு 10,000 ரூபா வரும். கட்டியது அதைவிட அதிகம். இருபது இரவு இருந்தால் 38,000 ரூபா வரும். அப்போது காப்புறுதி பெரிய உதவி.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்குக் காப்புறுதி இலாபம் இல்லை; அதற்குக் கைச் சேமிப்பே போதும். நீண்ட நோய்க்கும் பெரிய சத்திரசிகிச்சைக்கும்தான் காப்புறுதி. ஆகவே இரவுத் தொகையை மட்டும் பார்க்காமல், வருடத்துக்கு எத்தனை இரவு வரை தருவார்கள் என்றும் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

1. குடும்பத்தில் யார் யாருக்குப் பாதுகாப்பு? கட்டுபவருக்கு மட்டுமா, கணவன் மனைவி பிள்ளைகளுக்குமா? வயதான தாய் தகப்பனைச் சேர்க்கலாமா?

2. எந்த வயதில் முடிகிறது? நோய் கூடும் வயதில் காப்புறுதி நின்றுவிடுமா?

3. காத்திருப்புக் காலம் எவ்வளவு? கட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வரும் நோய்க்குப் பல திட்டங்களில் பணம் கிடையாது. பிரசவத்துக்கும் சில நோய்களுக்கும் காத்திருப்பு இன்னும் நீளும்.

4. எதற்கு எல்லாம் தரமாட்டார்கள்? இதற்கு விலக்குகள் என்று பெயர். பத்திரத்தில் தனிப் பகுதியாக இருக்கும். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

5. வருடா வருடம் கட்டுப்பணம் கூடுமா?

6. ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன நடக்கும்?

7. ஆயுள் காப்புறுதியோடு இணைத்ததா, தனியா? இணைத்ததாக இருந்தால், ஆயுள் காப்புறுதி நின்ற அன்றே நோய்ப் பாதுகாப்பும் நின்றுவிடும்.

நோயை மறைக்க வேண்டாம்

எம்மிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. தகப்பனுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக் கொப்பியும் இருந்தது. படிவத்தை நிரப்பிய முகவர், "நோய் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டுவிட்டார். "உண்டுன்னு போட்டா கொம்பனி எடுக்காது" என்று காரணம் சொன்னாராம். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார்கள். பிறகு காலில் புண் வந்து மூன்று வாரம் வாட்டில் இருந்தார். பணம் கேட்டபோது, கொம்பனி கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டது. படிவத்தில் இருந்த கையெழுத்து தகப்பனுடையது. முகவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

முகவர் எழுதினாலும், கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையது. பிரஷர், சீனி, ஆஸ்துமா, முன்பு செய்த ஒப்பரேஷன் எல்லாவற்றையும் சொல்லி எழுத வையுங்கள். கட்டுப்பணம் கொஞ்சம் கூடலாம், அல்லது அந்த நோயை மட்டும் விலக்கலாம், அல்லது எடுக்கமாட்டோம் என்றும் சொல்லலாம். இரண்டு வருடம் கட்டிவிட்டு ஏமாறுவதைவிட இது எவ்வளவோ மேல். வெறும் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு பெயர் என்று இருப்பது எமது மக்களுக்கு ஈ.பி.எஃப். எடுக்கும்போதே பெரிய தலையிடி. காப்புறுதியை அடையாள அட்டையில் உள்ள பெயருக்கே எடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இடையில் நின்றால் நட்டம்

பேர் குறைந்த மாதத்தில், தீபாவளி முற்பணம் வெட்டுகிற மாதத்தில் கட்டுப்பணம் தவறிவிடும். சலுகை நாட்கள் முடிந்ததும் காப்புறுதி காலாவதியாகும். மறுபடி ஆரம்பித்தால் காத்திருப்புக் காலமும் மறுபடி ஆரம்பிக்கலாம். ஆகையால் நல்ல மாதத்துச் சம்பளத்தைப் பார்த்துத் தொகையைத் தீர்மானிக்காதீர்கள். மழைக்காலத்தில் வேலை குறைந்த மாதத்தின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கடையும் கடனும் போக அந்த மாதத்திலும் கட்ட முடியுமான தொகையே சரியான தொகை. முகவர் கையில் காசு கொடுத்தால் கொம்பனியின் பற்றுச்சீட்டு இல்லாமல் விடாதீர்கள்.

தொழிற்சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து எடுக்கும் குழுக் காப்புறுதியில் கட்டுப்பணம் பொதுவாகக் குறைவு. ஆனால் அந்த வேலையை அல்லது சங்கத்தை விட்டால் பாதுகாப்பும் முடியும். பத்திரம் யாரிடம் இருக்கிறது, பணம் யார் பெயருக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கேட்கும்போது

வாட்டிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டில் சேர்ந்த திகதியும் வெளியேறிய திகதியும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அதன் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, மருந்து வாங்கிய பில்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். கொடுக்கும் எதற்கும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிக்க நாள் எல்லை உண்டு, உடனே அறிவியுங்கள்.

கொம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம். கொம்பனியும் முகவரும் பதிவு பெற்றவர்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதைக் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசிப் பாருங்கள்.

1. ஒரு தாய் தனியார் வைத்தியசாலை பில்லுக்கு மட்டும் பணம் தரும் திட்டம் எடுத்திருக்கிறார். அவர் எப்போதும் போவது டிக்கோயா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. இந்தத் திட்டம் அவருக்கு உதவுமா?

2. கையில் ஒரு சதமும் சேமிப்பு இல்லாத குடும்பம், முதலில் சேமிப்பைத் தொடங்குவதா, காப்புறுதி எடுப்பதா? ஏன்?

3. உங்கள் வீட்டில் ஈ.ரி.எஃப். அங்கத்துவ இலக்கம் யாருக்குத் தெரியும்? எழுதி வைத்திருக்கிறீர்களா?

முகவர் தந்த படிவம் விளங்காவிட்டால், கையெழுத்து வைக்காமல் அப்படியே எமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்கிறோம். "இன்னைக்கே போட்டாத்தான் உண்டு" என்று யாராவது அவசரப்படுத்தினால், அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். நல்ல திட்டம் அடுத்த மாதமும் இருக்கும்.