இறுகிய பிறேக் டிறத்தைக் கழற்றக் கமத்திலேயே செய்யத்தக்க கருவி

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் ஏற்றி இறக்கப்பட்டபின், உழவு இயந்திரப் பெட்டி பல கமங்களில் அடுத்த போகம் வரை வெளியிலேயே நிற்கின்றது. வயற் சேறும் மழைநீரும் பிறேக் டிறத்தினுட் புகுந்து துருவை உண்டாக்குகின்றன. மீண்டும் பெட்டியைக் கொழுவும்போது சில்லு சுழல மறுக்கும். அல்லது பிறேக் பிடிக்காது. இரண்டுக்கும் டிறத்தைக் கழற்றியே ஆகவேண்டும். அவ்வேளையிற் பெரிய சம்மட்டியால் டிறத்தின் விளிம்பில் ஓங்கி அடிப்பது பெரும்பாலாரின் வழக்கம். டிறம் வார்ப்பிரும்பாலானது, வளையாது, வெடிக்கும். மயிரிழை போன்ற வெடிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். பாரமேற்றிய பெட்டி குளக்கட்டிலிருந்து இறங்கும்போதே அது தெரியவரும்.

இறுகிய டிறத்தை அடித்தலிலும் இழுத்தல் நன்று. இழுக்கும் கருவியை வெல்டிங் வசதியுள்ள எந்தப் பட்டறையிலும் ஒரு பொழுதிற் செய்துகொள்ளலாம்.

கருவி செய்யுமுன், டிறம் எவ்வகையினது என்று பார்த்தறிக. பெட்டிகளிற் பெரும்பாலும் டிறமும் சில்லின் குடமும் ஒன்றாக இணைந்திருக்கும். சில்லைப் பிடிக்கும் ஆணிகள் குடத்தில் இருக்கும். நடுவே அச்சின் நுனியும், பிளவாணியிட்ட வெட்டுள்ள சுரையும் தெரியும். இங்கு கூறப்படும் கருவி இவ்வகைக்கே உரியது. மாசி பெர்குசன் 35, 135 போன்ற உழவு இயந்திரங்களின் பின் சில்லுகளில் அமைப்பு வேறு. அங்கே சில்லாணிகள் அச்சுத் தட்டிற்கு உரியவை. டிறம் அவற்றின்மேற் செருகப்பட்டிருக்கும். சில்லாணிகளைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் டிறம் அசையாது. அச்சுக்கே தீங்கு நேரும். சில டிறங்களின் முகத்திற் புரியிட்ட துளைகள் உண்டு. அவ்வாறிருப்பின் டிறத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளை அகற்றி, அத்துளைகளிற் பொருத்தமான சுரையாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்க, டிறம் வெளிவரும்.

கருவிக்கு 12 மில்லிமீற்றர் தடிப்பும் 75 மில்லிமீற்றர் அகலமுமுள்ள இரும்புப் பட்டம் ஒன்று தேவை. எதிரெதிராகவுள்ள இரு சில்லாணிகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அவ்வளவுக்குப் பட்டத்தில் இரு துளைகள் இடுக. ஒவ்வொரு துளைக்கு வெளியிலும் 25 மில்லிமீற்றரேனும் இரும்பு மிஞ்சவேண்டும். ஐந்து ஆணிகளுள்ள குடத்தில் ஓர் ஆணிக்கு நேரெதிரே மற்றோர் ஆணி இராது. அதற்குப் பட்டம் உதவாது. வட்டத் தகடு வெட்டி ஐந்து துளைகளும் இடவேண்டும். துளைகளுக்குச் சரி நடுவில் 22 மில்லிமீற்றர்த் துளையொன்று இட்டு, 20 மில்லிமீற்றர்ச் சுரையை அதற்கு நேராக வைத்து வெல்டிங் செய்க.

சுரையைப் பட்டத்தின் எப்பக்கத்தில் வைப்பது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். அது அச்சை நோக்கிய உட்பக்கத்தில் இருக்கவேண்டும். சுரையாணி அச்சை உள்ளே தள்ளும்போது சுரை வெளிநோக்கித் தள்ளப்படும். உட்பக்கத்திலிருந்தால் அது பட்டத்தின்மேலேயே அழுந்தும். சுரை சுழலாதிருக்க மட்டும் வெல்டிங் உதவும். வெளிப்பக்கத்தில் வைத்தாலோ முழு விசையையும் வெல்டிங் ஒன்றே தாங்கவேண்டும். அது பிய்ந்தால் சுரையாணி முகத்துக்கு நேரே பாயும்.

நடுச் சுரையாணி 150 மில்லிமீற்றர் நீளமும், தலையில் 8.8 என்ற குறியும் உடையதாயிருக்கட்டும். மெல்லிய இரும்பாலான சாதாரண ஆணியின் புரி விரைவில் உரிந்துவிடும். இதன் புரி ஒரு சுற்றுக்கு 2.5 மில்லிமீற்றரே முன்னேறுவதால், ஸ்பனரிற் கொடுக்கும் கைப்பலம் பன்மடங்காகின்றது. உட்சுரைக்கு இடம் போதாதவிடத்துச் சில்லாணிகளில் ஒரே அளவான இரு நீள் சுரைகளைப் பாதியளவு முறுக்கி, மீதிப் பாதியில் வெளியிலிருந்து சுரையாணியிட்டுப் பட்டத்தைப் பிடிக்கலாம். சில்லாணியின் குறுக்களவிற்குச் சமமான ஆழமாவது புரி பிடித்திருத்தல் அவசியம்.

வேலை தொடங்குமுன் பெட்டியை வெறுமையாக்குக. மற்றைச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அச்சை ஜக்கினால் உயர்த்தி, தடித்த மரக்கட்டைகளின்மேல் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே கை வைத்தலாகாது. பிறேக் நெம்புகோலை விடுவித்து, பின்தட்டிலுள்ள சீராக்கியைத் தளர்த்துக. தேய்ந்த டிறத்தின் உள்விளிம்பில் வரம்பு போல ஓர் எழுச்சி இருக்கும். சூக்கள் அதிற் கொழுவிக்கொள்வதாற்றான் டிறம் பல தடவை வர மறுக்கின்றது. தளர்த்தாது இழுத்தால் சூக்களின் பிடியாணிகள் முறியும்.

பிளவாணியைக் கழற்றி, அச்சுச் சுரையின் முகம் அச்சு நுனியோடு சமமாகும்வரை தளர்த்துக, முற்றாகக் கழற்றவேண்டாம். அது புரியைக் காக்கும். டிறம் திடீரெனக் கழன்று காலில் விழுவதையும் தடுக்கும். பட்டத்தைச் சில்லாணிகளிற் பூட்டி, அச்சு நுனிக்கும் சுரையாணிக்கும் இடையிற் சிறு பித்தளைத் துண்டொன்று வைத்து, சுரையாணியின் புரிக்குக் கிறீஸ் பூசி மெல்ல முறுக்குக. இறுகியதும் நிறுத்தி, டிறத்தின் முகத்தைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டுக. பின் காற்சுற்று முறுக்குக, மீண்டும் தட்டுக. அவசரம் கூடாது. ஸ்பனருக்கு நீண்ட குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்குவது டிறத்தை உடைக்கவே உதவும். அசையாவிடின் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து துருப்பிடித்த பொருத்தில் மட்டும் சில துளிகள் விட்டு, ஓரிரவு விடுக. எண்ணெய் லைனிங்கைத் தொட்டால் அந்த லைனிங் பின் பயன்படாது. நெருப்பிட்டுச் சூடாக்கலும் வேண்டாம். குடத்தினுள்ளே கிறீஸும் பெயரிங்கும் உள்ளன.

டிறம் கழன்றதும் உள்ளே வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அத்தூசி நுரையீரலுக்கு மிகக் கேடானது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் புதைத்துவிடுக.

மீளப் பூட்டும்போது அச்சுச் சுரையை இறுக்கி, பின் குடம் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்தி, வெட்டுக்கு நேரே புதிய பிளவாணி இடுக. இரு பக்கச் சூக்களையும் ஒரே நேரத்திற் சீராக்குக. ஒரு சில்லு மட்டும் பிடித்தாற் பெட்டி பக்கவாட்டில் இழுபடும். மூட்டை ஏற்றுமுன் சமதரையில் வெறும் பெட்டியுடன் மெதுவாக ஓட்டிப் பிறேக்கைச் சோதித்துப் பார்க்கவும்.