நிலைத்த மனம்: மலைவாழை கற்பிக்கும் பாடம்

மழை பொய்த்தல், நூல் விலை ஏறுதல், வீட்டில் நோய், கடன் தவணை தவறுதல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் எட்டிப் பாராத குடும்பம் நம் அங்கத்தினரிடையே இராது. இத்தகைய வேளையில், "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று பெரியோர் கூறுவர். கூறுவது எளிது, எவ்வாறு திடப்படுத்திக்கொள்வது என்பதே கேள்வி. மனத்திடம் சிலருக்கு மட்டும் பிறவியில் வாய்க்கும் குணம் அன்று. தறி நெய்வதைப் போலவும் ஏர் பிடிப்பதைப் போலவும் பழகிப் பெறத்தக்கது. பழனி மலையில் விளையும் வாழையின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சோதனை வந்த விதம்

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர் முதலிய ஊர்கள் அமைந்த கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் விருப்பாட்சி என்னும் மலைவாழை பயிராகிறது. வானம் பார்த்து வளரும் இவ்வாழை காப்பிச் செடிகளுக்கு நிழலும் தரும். ஒருமுறை நட்டால் பக்கக்கன்றுகளின் வழியே பல ஆண்டுகள் பலன் கொடுக்கும். கனியில் நீர்ச்சத்து குறைவாதலால் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு மிகவும் ஏற்றது.

1970-களில் சுமார் 18,000 ஹெக்டேர் பரப்பில் இருந்த இச்சாகுபடி, பின்னர் சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று. முடிக்கொத்து நோயே இதற்கு முக்கிய காரணம். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் முதலில் தோன்றும். பிறகு இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் கூடி நிற்கும். பெரும்பாலும் குலை தள்ளாது. இது ஒரு வைரஸ் நோய். அசுவினி என்னும் சிறு பூச்சி இதனை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. நோயுற்ற தாய்மரத்தின் கன்றை வேறிடத்தில் நட்டால் நோயும் உடன் செல்கிறது. பற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அசுவினியை முதலில் மருந்திட்டு அழித்து, பின்பு மரத்தைக் கிழங்கோடும் கன்றுகளோடும் தோண்டி அழிப்பது ஒன்றே வழி. அசுவினியை அழிக்காமல் மரத்தை வெட்டினால், அது அடுத்த மரத்திற்குக் குடிபோகும்.

நோய்க்குத் துணையாகும் மனநிலை

வைரஸும் அசுவினியும் மட்டுமே நோயைப் பரப்புவதில்லை. தன் கையால் வளர்த்த மரத்தில் முதற் கோட்டைக் காணும் விவசாயியின் மனம் என்ன எண்ணும்? "இது வேறு ஏதோ வாட்டமாக இருக்கும், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், ஒரு குலையாவது தள்ளாதா" என்று எண்ணும். இது நம்பிக்கை போலத் தோன்றினும் உண்மையைக் காண அஞ்சும் தயக்கமேயாகும். அந்த ஒரு மாதத்தில் நோய் பத்து மரங்களுக்குப் பரவிவிடக்கூடும்.

வெட்கமும் அத்தகையதே. "அயலார் அறிந்தால் இழிவாக நினைப்பர்" என்று ஒருவர் நோயை மறைத்தால், பக்கத்துத் தோட்டக்காரர் எச்சரிக்கையின்றி இருந்துவிடுவார். வேலி அசுவினிக்குத் தடையன்று.

நம் குடும்பத் துன்பங்களும் இவ்வாறே வளர்கின்றன. முதல் தவணை தவறியபோது சங்கத்தில் சொல்லியிருந்தால் தவணையை மாற்றியமைக்க வழி பார்த்திருக்கலாம். வெட்கப்பட்டு வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டியவர், இரண்டு கடனுக்குப் பொறுப்பாளி ஆகிறார். ஆகவே, மனத்திடம் என்பது துன்பத்தை வாய்திறவாமல் சுமப்பது அன்று. அதைத் தொடக்கத்திலேயே கண்டு, கண்டதை உரியவரிடம் சொல்லி, செய்யவேண்டியதைத் தள்ளிப்போடாமல் செய்வதேயாகும்.

மீண்டவர் கதை

இந்நோய் நம்மை மட்டும் தாக்கியதன்று. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் 1913-ஐ ஒட்டி இது புகுந்தது; 1920-களின் நடுவில் அங்கு வாழைத் தொழிலே அழியும் நிலை வந்தது. மகீ என்னும் அறிஞர் நோய் பரவும் விதத்தை ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டார். அதன்பின் நல்ல கன்றையே நடுதல், தோட்டங்களை ஓயாது சோதித்தல், நோயுற்றதை உடனே அழித்தல் என்னும் விதிகள் எல்லா விவசாயிகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. மருந்து கண்டுபிடிக்கப்படாமலேயே, ஒழுங்கினால் மட்டும் 1930-களில் அத்தொழில் மீண்டது.

பழனி மலையிலும் அவ்வழியே மேற்கொள்ளப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் தடியன்குடிசையில் உள்ளது. வைரஸ் இல்லையெனச் சோதித்தறிந்த திசு வளர்ப்புக் கன்றுகள் விவசாயிகளுக்குக் கிடைக்கலாயின. மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து முயன்றதால், விருப்பாட்சி வாழைக்கு 2008–09-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அதனோடு வாழ்ந்துகொண்டே பயிரைக் காக்கும் முறை கைவந்தது.

கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, ஒழுங்காகப் பார்த்தல். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படம் பிடித்து வந்தார்கள். மேகம் மூடிய நாளில் படம் இல்லை; அதற்காக மறுநாள் வேலையை எவரும் கைவிடவில்லை. அவ்வாறே வாரத்தில் ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். அதே நாளில் வீட்டு வரவுசெலவையும் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் தொடருங்கள்.

இரண்டாவது, நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிதல். மழையும் சந்தை விலையும் நம் வசத்தில் இல்லை. நடும் கன்றும், வாங்கும் கடனின் அளவும், இன்று செய்யும் வேலையும் நம் வசத்தில் உள்ளன. கவலைக்குச் செலவிடும் நேரத்தை இவற்றிற்குத் திருப்புக.

மூன்றாவது, சிறு கோளாற்றை உடனே சரிசெய்தல். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிந்துவிட்டே மேலே நெய்வார். விட்டுவிட்டு நெய்தால் குறை துணி முழுதும் ஓடும் என்பதை அவர் அறிவார். அவ்வாறு நிறுத்துவதால் வேலை கெடுவதில்லை.

நான்காவது, தனியே சுமவாதிருத்தல். ஒருவர் தோட்டத்தைச் சுத்தம் செய்து அயலார் செய்யாவிடில் பயனில்லை என்பதை மலைவாழை காட்டிற்று. வீட்டாரிடமும் நண்பரிடமும் சங்கக் காரியதரிசியிடமும் மனம் திறந்து பேசுக. உறக்கமும் உணவும் பல நாள் செல்லாமல், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினால், அது கோழைத்தனம் அன்று, சிகிச்சைக்குரிய நோய். மருத்துவரை நாடுக. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

நோயுற்ற மரத்தைத் தோண்டும் நாளில் எந்த விவசாயிக்கும் நெஞ்சு வலிக்கும். வலிக்காத நெஞ்சு நமக்குத் தேவையுமில்லை. வலியோடே மண்வெட்டியை எடுத்து, அந்தக் குழியை மூடி, மறுபருவத்திற்கு நல்ல கன்று தேடப் புறப்படுகிறவரே நிலைத்த மனத்தினர்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. "இன்னும் சிறிது பார்க்கலாம்" என்று நாம் தள்ளிப்போட்டதால் பெருகிய இடர் எது?

2. தவணை தவறும் நிலையில் உள்ள அங்கத்தினர் வெட்கமின்றிச் சங்கத்தை அணுகுவதற்கு நாம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

3. நம் ஊரில் எல்லோரும் சேர்ந்து செய்தாலன்றிப் பயன் தராத வேலைகள் யாவை? அவற்றுள் ஒன்றை இம்மாதம் தொடங்க இயலுமா?